பாதிரியம்மாவின் ஏர் ஃபில்டர்

தென்கரையில் இருக்கும் மூன்று கோயில்களுக்கும் சேர்த்துப் பாதிரியாராக யோரூன் வந்து சேர்ந்தபோது, காற்றைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். கார்க் கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். துவைத்த துணியை வெளியே காயப்போட வேண்டாம் என்றார்கள். தோர்கில்ஸையும் இல்லுகியையும் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

தோர்கில்ஸ் ஊர் முனையில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். வண்டிக் கம்பெனியின் உதிரிபாகங்களுக்கு அந்தப் பக்கத்தில் அவர்தான் ஏஜெண்ட். மூன்று கோயில்களிலும் ஆர்கன் வாசிப்பதும் அவர்தான். பங்க்குக்கு நேர் எதிரே இல்லுகியின் ஒர்க்ஷாப். கோயிலில் மணியடிப்பது, குழி வெட்டுவது, சாவியை வைத்துக்கொள்வது என்று கோயில்பிள்ளை வேலை முழுக்க அவருடையது. இந்த இரண்டு பேரும் இல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒருவரைக்கூட ஒழுங்காக அடக்கம் செய்ய முடியாது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிப் பத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு நின்றது ஒரு ஏர் ஃபில்டரால். தோர்கில்ஸின் பழைய ஜீப்புக்கு இல்லுகி வெளி மார்க்கெட்டின் நீல நிற ஃபில்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அடுத்த குளிர்காலத்தில் அந்த ஜீப் கருமணல் வெளியின் நட்டநடுவில் நின்றது, நின்றது நின்றதுதான். இன்ஜினுக்குள் மணல் போய்விட்டது, எல்லாம் அந்த நீலப் பெட்டிக் குப்பையால் வந்த வினை என்று தோர்கில்ஸ் ஊரெல்லாம் சொன்னார். ஆர்கன் மிதிக்கிற மாதிரி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எந்த இன்ஜினும் செத்துத்தான் போகும் என்று இல்லுகி ஊரெல்லாம் சொன்னார். அன்றோடு சரி. அடக்கத்துக்குப் போகும்போது மட்டும் இரண்டு பேரும் பாதிரியாரின் வண்டியில் ஒன்றாகப் போனார்கள். யோரூனுக்கு முன் இருந்த பாதிரியாருக்குக் காது கேட்காது. அவர் நிம்மதியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றார்.

யோரூனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவள் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒரு பெரிய கோயிலில் உதவிப் பாதிரியாராக இருந்தவள். 'எல்லோரோடும் அனுசரித்துப் போகக்கூடியவர்' என்று அங்கிருந்து வந்த சிபாரிசுக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது 'சரி'. அவளை விட்டுப் பிரிந்த கணவன்கூடக் கடைசியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "உன்கூட ஒரு சண்டை கூட போட முடியலையே" என்று வருத்தப்பட்டுத்தான் போனான். அப்போதும் அவள் "சரி" என்றுதான் சொன்னாள்.

ஊருக்கு வந்த முதல் மாதத்தில் டீசல் போடப் போனாள். தோர்கில்ஸ் அவள் கேட்காமலேயே பானட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பாதிரியம்மா, ஏர் ஃபில்டர் மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

வண்டிக்குள் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். "தெரியலையே" என்றாள்.

"போச்சு. வண்டிக்கு மூக்கு அதுதான். இந்த மணல்ல அது சரியில்லன்னா இன்ஜின் ஒரு குளிர்காலம் தாங்காது. நான் கம்பெனி ஒரிஜினல் ஆர்டர் போட்டுடறேன். இன்ஜின செஞ்சவனுக்குத் தெரியாதா அதுக்கு எப்படி மூக்கு வைக்கணும்னு? வெளில விக்கற கண்டதையும் யாராவது வந்து குடுப்பாங்க. வாங்கிடாதீங்க."

"சரி" என்றாள் யோரூன்.

அடுத்த வாரம் நகரத்திலிருந்து வந்த லாரியில் ஃபில்டர் வந்தது. தோர்கில்ஸ் அதை ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை நீட்டுவது போல இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார். அவள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டாள். எதிரே இல்லுகியின் ஒர்க்ஷாப்பில் அன்று காலையிலேயே ஆயில் மாற்ற வண்டியை விட்டிருந்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள்.

இல்லுகி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "வண்டி ரெடி பாதிரியம்மா. பழைய ஃபில்டர் அடைச்சுப் போய்க் கிடந்துச்சு. நம்ம சரக்குல ஒண்ணு போட்டுட்டேன். காசெல்லாம் வேணாம், கோயில் வேலைக்கு ஓடற வண்டி."

யோரூன் பெட்டியைக் கம்பளிச் சால்வைக்குள் தள்ளினாள். 'அதை எடுத்துட்டு இதைப் போடுங்க' என்ற வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது.

"ரொம்ப நன்றி" என்றாள்.

"பாத்துக்கோங்க, உங்க கழுத்துப் பட்டை மாதிரிதான் இதுவும்" என்றார் இல்லுகி. ஆராதனையின்போது அவள் கழுத்தில் கட்டும் மடிப்பு மடிப்பான வெள்ளை வளையத்தைச் சொன்னார். "எவ்வளவு மடிப்பு இருக்கோ அவ்வளவு தூசி பிடிக்கும். கம்பெனிக்காரன் என்ன, தங்கத்துலயா மடிக்கறான்? அதே காகிதம், டப்பாதான் வேற. அந்தப் பக்கத்து பங்க்குல கேட்டீங்கன்னா டப்பாவுக்கு ஆயிரம் பெருமை சொல்லுவாங்க. காது குடுக்காதீங்க."

"சரி" என்றாள் யோரூன்.

கம்பெனி ஃபில்டர் சீல் பிரிக்காமல் ஜீப்பின் டிக்கியில், ரப்பர் பூட்ஸுக்கும் அங்கிப் பைக்கும் கீழே போய்ப் படுத்தது. இரண்டு நாளில் ஏதாவது யோசித்து ஒழுங்கு செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

அதன்பிறகு தோர்கில்ஸ் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "வண்டி எப்படி இழுக்குது பாதிரியம்மா?"

"நல்லா இழுக்குது."

"இழுக்காம? ஒரிஜினல் ஆச்சே."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இல்லுகி கேட்பார்: "வண்டி எப்படி?"

"நல்லா இழுக்குது."

"நம்ம சரக்கு அப்படித்தான்."

வண்டி உண்மையிலேயே நன்றாக இழுத்தது. அவள் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் ஒரு விஷயத்தைக் கொண்டு செலுத்துவது இவ்வளவு களைப்பான வேலை என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

அந்த ஊரில் எந்த விஷயமும் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு வந்துதான் ஒரு முடிவுக்கு வரும். சாயந்திரமானால் கழுத்தளவு வெந்நீரில் வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். மேலே ஆலங்கட்டி பெய்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். இலையுதிர்காலத்தில் ஒருநாள் யோரூன் தொட்டியில் இறங்கியபோது பாடகர் குழுவின் ஹெர்டிஸ் அங்கே இருந்தாள். ஒரு ஓரத்தில் தோர்கில்ஸ். அதற்கு நேர் எதிர் ஓரத்தில் இல்லுகி. நடுவில் இன்னும் நாலைந்து தலைகள்.

"பாதிரியம்மாவே வந்தாச்சு" என்றாள் ஹெர்டிஸ். "அவங்களையே கேட்டுடலாம். என் வீட்டுக்காரர் வண்டிக்கு ஃபில்டர் மாத்தணும். பாதிரியம்மா வண்டில கம்பெனி ஃபில்டர்தான், அருமையா ஓடுதுன்னு தோர்கில்ஸ் சொல்றாரு. பாதிரியம்மா வண்டில நான்தான் வெளி ஃபில்டர் போட்டேன், அருமையா ஓடுதுன்னு இல்லுகி சொல்றாரு. ஒரு வண்டிக்கு ரெண்டு மூக்கா?"

தொட்டியில் இருந்த தலைகள் எல்லாம் யோரூன் பக்கம் திரும்பின.

"நான் அதையெல்லாம் எட்டிப் பாக்கறதில்லையே" என்றாள் யோரூன்.

"பாதிரியம்மா என் கடைலதான் வாங்கினாங்க" என்றார் தோர்கில்ஸ், ஹெர்டிஸைப் பார்த்து.

"வாங்கறது வேற, வண்டில இருக்கறது வேற. அவர்கிட்ட சொல்லு" என்றார் இல்லுகி, அவரும் ஹெர்டிஸைப் பார்த்து.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கோயில் வாசல்ல பானட்ட தொறந்து பாத்துடலாம். காபிக்கு நான் க்ளைனா சுட்டுக் கொண்டாரேன்" என்றாள் ஹெர்டிஸ். எண்ணெயில் பொரித்த பலகாரமும் உண்டு என்றதும் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இல்லுகி தலையாட்டினார். தோர்கில்ஸும் தலையாட்டினார். யோரூன் "சரி" என்றாள்.

தான் தங்கியிருந்த குருமனைக்குத் திரும்பி வந்து தலையைத் துவட்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். இல்லுகி போட்ட நீல ஃபில்டர் வெளிப்பட்டால் தோர்கில்ஸ் ஆர்கன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரை விட்டால் பனிமலை வரைக்கும் ஆர்கன் வாசிக்க ஆளில்லை. ரகசியமாகக் கம்பெனி ஃபில்டரை மாற்றி வைத்தால் இல்லுகி மண்வெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். உறைந்த தரையில் அவள் ஒருத்தியால் குழி வெட்ட முடியாது. அதுவுமில்லாமல் ஃபில்டரை எப்படிக் கழற்றுவது என்றும் அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சால்வோர் இறந்துபோனாள். மணல்வெளிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது கோயிலுக்குப் பக்கத்துப் பண்ணையில் இருந்த கிழவி. சனிக்கிழமை அடக்கம் என்று மகன் ஹாகோன் போன் செய்தான். குழி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, மற்றதுக்கு மூன்று பேரும் வந்தால் போதும் என்றான்.

சனிக்கிழமை காலையிலேயே காற்று ஏறத் தொடங்கியது. மணல்வெளி ரோட்டைக் காற்றுக்காக மூடித் தடுப்பைப் போடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினார்கள். தோர்கில்ஸ் இசைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். இல்லுகி பின்சீட்டில்.

"பாதிரியம்மா, பின்னாடி இருக்கறவர முழங்கால எடுக்கச் சொல்லுங்க. முதுகுல குத்துது."

"இல்லுகி, கொஞ்சம் முழங்கால..."

"முன்னாடி இருக்கறவர சீட்ட முன்ன தள்ளச் சொல்லுங்க பாதிரியம்மா. டேஷ்போர்டுலயும் ஆர்கன் வாசிக்கப் போறாரா, அவ்வளவு இடம் எதுக்கு?"

"தோர்கில்ஸ், சீட்ட கொஞ்சம்..."

மணல்வெளிக்குள் பாதி தூரம் போனதும் மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. கறுப்பு மணல் ரோட்டின் குறுக்கே ஓடியது. கண்ணாடியில் கடுகு பொரிவது போல ஓயாத சத்தம். யோரூன் ரோட்டோரத்து மஞ்சள் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி முன்னே போகவில்லை. இன்னும் மிதித்தாள். பின்னால் கரும்புகை கிளம்பியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இருமிக்கொண்டே ஊர்ந்தது.

"மூச்சு முட்டுது" என்றார் தோர்கில்ஸ்.

"உங்களுக்கா?" என்றாள் யோரூன்.

"வண்டிக்கு."

"அந்தக் குன்றோட மறைவுக்குக் கொண்டு போங்க" என்றார் இல்லுகி பின்னாலிருந்து. "காத்து அங்க அவ்வளவு அடிக்காது. அது வரைக்கும் தாங்கும்."

தாங்கியது. தனியாக நிற்கும் அந்தப் பாறைக்குன்றுக்குப் பின்னால் போய் நின்றதும் இன்ஜின் தானாகவே அணைந்தது. இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து இறங்கினார்கள். பானட் மேலே போனது. யோரூன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்கண்ணாடி முழுக்க பானட். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பிறகு பானட்டின் ஓரத்திலிருந்து தோர்கில்ஸின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. கோபம் இருக்கும் என்று நினைத்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அவள் இறங்கிப் பின்னால் போனாள். டிக்கிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்து, பூட்ஸையும் அங்கிப் பையையும் தள்ளி, அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"சீல் கூட பிரிக்கல" என்றார் தோர்கில்ஸ்.

"ஆமா."

இல்லுகி கையில் நீல ஃபில்டர் இருந்தது. மடிப்புகளெல்லாம் கறுப்பு மணல் அடைத்து, ஒரு பக்கத்து மெல்லிய ரப்பர் விளிம்பு உள்ளே மடிந்து கிடந்தது. அந்த இடுக்கு வழியாக மணல் உள்ளே போயிருந்தது. இல்லுகி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தோர்கில்ஸுக்கு அகப்பட்டது. "பாதிரியம்மா, இத போட்டவர் கண்ணுல இந்த விளிம்பு படுதான்னு கேளுங்க. பதினோரு வருஷமா நான் சொன்னது இதுதான். நகருங்க, நான் போடறேன்." சீலைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று வந்தது கம்பெனி ஃபில்டர், சுற்றிலும் தடித்த ரப்பருடன். இன்ஜினில் இருந்த ஃபில்டர் கூட்டுக்குள் வைத்து அழுத்தினார். உட்காரவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். ஒரு விரல்கடை நீளம் அதிகமாக இருந்தது.

இல்லுகிக்கு உயிர் வந்தது. "பாதிரியம்மா, உங்க வண்டி என்ன மாடல், அவர் ஆர்டர் போட்டது என்ன மாடல்னு கொஞ்சம் கேளுங்களேன். இது புது மாடலுக்கு வர்றது. டப்பா மேல கம்பெனி பேர் இருந்தா வண்டி வளர்ந்து குடுக்குமா?"

"பாதிரியம்மா, அவர்கிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தார் தோர்கில்ஸ்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் யோரூன்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். அங்க சால்வோர் பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு நமக்காகக் காத்துட்டிருக்கா. எனக்குக் குளுருது. நீங்களே சொல்லிக்கோங்க." வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். முதலில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இல்லுகியின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு:

"அந்த ரப்பர் தனியா வருமா?"

"எதுக்கு?"

"என்னோடத தட்டிச் சுத்தம் பண்ணிடறேன். அளவு சரியா உக்காருது, விளிம்புதான் போச்சு. உன் ரப்பர வெட்டி அதுல சுத்திட்டா அடைச்சுக்கும்."

"புது ஃபில்டர வெட்டறதா?"

"வேற என்னய்யா பண்றது? பூஜையா பண்ணப் போற? உக்காராத ஃபில்டர்."

"கத்தி குடு" என்றார் தோர்கில்ஸ். வெட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இல்லுகி நீல ஃபில்டரை டயரில் அடி அடியென்று அடித்து மணலை உதிர்த்தார். அப்புறம் ஒரே சத்தம்: அந்தப் பக்கம் பிடி, இந்தப் பக்கம் இழு, அறிவிருக்கா, விரல் மாட்டுது, முட்டியால அமுக்கு, உன் முட்டியில்லய்யா என் முட்டி. மூடி கிளிப்புக்குள் விழுந்த சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் மணலைத் துப்புவது போலச் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் நிறைந்திருந்தது. தலைமுடியிலும் காதிலும் கழுத்துப் பட்டையின் மடிப்புகளிலும் மணலோடு யோரூன் உள்ளே நுழைந்தாள். ஹாகோன் வாசலில் நின்று கையைக் கொடுத்தான். "அம்மா வாழ்நாள்ல ஒருத்தருக்காகவும் காத்திருந்ததில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. பரவால்ல, பழகட்டும்" என்றான்.

இல்லுகி மணியடித்தார். தோர்கில்ஸ் வாசித்தார். அப்படி மெதுவாக அவர் வாசித்து யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு அடியும் முடிவதற்குள் பாடகர்கள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்கள். சால்வோருக்கு எவ்வளவு மரியாதை என்று ஊர்க்காரர்கள் கண் கலங்கினார்கள். அந்த மெதுவான வாசிப்பு தனக்கானது என்று பலிபீடத்தின் முன்னால் கால் வலிக்க நின்றிருந்த யோரூனுக்கு மட்டும் தெரிந்தது.

அடக்கத்துக்கு அப்புறம் காபியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது காற்று அடங்கியிருந்தது. தோர்கில்ஸ் முன்சீட்டுக் கதவைத் திறந்தார், ஒரு கணம் யோசித்தார், மூடினார். பின்பக்கம் போய் இல்லுகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்க யோரூன் பக்கத்துக் காலி சீட்டோடு ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஹெர்டிஸின் க்ளைனா ஆறுவதற்கு முன்பே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. சபையில் ஒருவரும் யோரூனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை பங்க்குக்குப் போனாள். தோர்கில்ஸ் ஹாட் டாக் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"சொல்லலையே" என்றார் அவர், திரும்பாமல். "வண்டி எப்படி இழுக்குதுன்னு கேட்டேன். நல்லா இழுக்குதுன்னீங்க. பொய் சொல்லியிருந்தா அன்னைக்கே மன்னிச்சிருப்பேன். எங்க வீட்லயே தினம் சொல்றாங்க. நீங்க பொய் வராம பாத்துப் பாத்துப் பேசியிருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

யோரூனுக்கு முகம் சூடாயிற்று. "உங்க ஃபில்டர போடலன்னு தெரிஞ்சா நீங்க ஆர்கன் வாசிக்கறத விட்டுடுவீங்கன்னு பயந்தேன்."

தோர்கில்ஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஒரு ஃபில்டருக்காகவா?"

"ஆமா."

"நான் என்ன பைத்தியமா? அந்தாளு என் இன்ஜினையே முழுங்கினான். அவன் மணியடிச்சு முடிச்ச மறுநிமிஷம் நான் வாசிக்க ஆரம்பிக்கறனா இல்லையா? இத்தனை வருஷத்துல ஒருநாள் தவறியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தாள். ஒருநாள்கூடத் தவறியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

"கோவம் வந்தா கோவப்படுவேன்" என்றார் அவர். "மெதுவா வாசிப்பேன். அதுக்கு மேல என்ன பண்ணுவேன்னு நெனச்சீங்க?" கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "மாடல் மாத்தி ஆர்டர் போட்டது என் தப்பு. அத வெளில சொல்லிடாதீங்க."

"இல்லுகிக்குத் தெரியுமே."

"அந்த வேதனை எனக்குப் போதும்" என்றார் தோர்கில்ஸ்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், ஜீப்போடு வந்த கையேட்டை முதல் தடவையாகப் பிரித்துப் படித்தாள். இரண்டு பக்கத்து வாதத்தையும் யோசித்தாள். காகிதத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வித்தியாசம் விளிம்பில்தான் இருந்தது. சாயந்திரம் வெந்நீர்த் தொட்டிக்குப் போனாள். எல்லாத் தலைகளும் இருந்தன. ஹெர்டிஸ்தான் கேட்டாள், ரொம்ப ஜாக்கிரதையாக: "இனிமே என்ன போடப் போறீங்க பாதிரியம்மா?"

"கம்பெனி ஃபில்டர்" என்றாள் யோரூன். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "சரியான மாடல். ரப்பர் தடிமனா இருக்கு, அதனால. மணல் அடிச்ச ஒவ்வொரு தடவையும் கழட்டிப் பாக்கணும். மாட்டறது இல்லுகி."

"நானா?" என்றார் இல்லுகி. "என் கையால அதையா?"

"உங்க கையாலதான்."

"முடியாதுன்னு சொன்னா?"

"எனக்கு வருத்தமா இருக்கும். வேற யார்கிட்டயாவது கத்துக்கிட்டு நானே மாட்டுவேன். அப்பவும் கம்பெனி ஃபில்டர்தான்."

இல்லுகி மூக்குவரை நீருக்குள் அமிழ்ந்தார். யோரூன் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் இடிந்து விழவில்லை. மூச்சு வாங்க மேலே வந்ததும் அவர் சொன்னது: "அடுத்த வாரம் புதன்கிழமை கொண்டாங்க. காலைல எனக்கு வேலை இருக்கு."

அந்தப் புதன்கிழமை மதியம், செத்த ஆட்டைத் தூக்குவதற்கு வைத்திருந்த நீளக் கையுறையைப் போட்டுக்கொண்டு, லாரியில் வந்திருந்த சரியான மாடல் ஃபில்டரை விரல் நுனியில் பிடித்து மாட்டினார். "நான் போட்டேன்னு வெளில சொல்லாதீங்க" என்றார். "கேட்டா சொல்லுவேன்" என்றாள் யோரூன். அவர் முறைத்தார். பிறகு கிளிப்பை எப்படிக் கழற்றுவது என்று அவளுக்கும் காட்டிக் கொடுத்தார். இன்ஜினுக்குப் பெரிய சேதம் எதுவும் ஆகவில்லை என்றும், அவளுக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்த ஆள் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னார்.

பிரச்சினை வேறு இடத்தில் முளைத்தது. மணல்வெளியில் தோர்கில்ஸும் இல்லுகியும் பேசிவிட்டார்கள் அல்லவா? உடைந்த மௌனத்தைத் திருப்பி ஒட்டவைக்க இரண்டு பேராலும் முடியவில்லை. பதினோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த பதில்கள் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தன. அடுத்த மாதம் ஹாகோனின் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று மூன்று பேரும் கிளம்பியபோது, கதவைச் சாத்துவதற்குள் தொடங்கிவிட்டது.

"அன்னைக்கு நம்மள கரை சேத்தது என் காகிதம்யா."

"என் ரப்பர் இல்லன்னா உன் காகிதம் மணல் சல்லடை."

"உன் ரப்பர எதுல சுத்தினோம்? காத்துலயா?"

"அப்ப என் பழைய ஜீப்புல..."

"உன் பழைய ஜீப்ப பத்திப் பேசாத. அதுல நீ ரெண்டாவது கியர்லயே ஊரச் சுத்தின ஆளு. உன் பொண்டாட்டியே சொன்னா."

"அவ எப்ப சொன்னா?"

"அந்த வருஷம் மலைலருந்து ஆடுகள ஓட்டியாந்து பட்டில அடைச்ச அன்னைக்கு!"

பாதி மணல்வெளி வரைக்கும் யோரூன் பொறுத்தாள். பிறகு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் பின்னால் திரும்பினாள். "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாய மூடிட்டு வர்றீங்களா இல்லையா?" என்று கத்தினாள்.

அவர்கள் திகைத்துப் போனார்கள். தோர்கில்ஸ்தான் முதலில் தேறினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"நாங்க பேசிட்டுதான பாதிரியம்மா இருக்கோம்" என்றார்.

"ஆமா" என்றார் இல்லுகி. "ரெண்டு பேரு பேசும்போது நடுவுல வராதீங்க."

யோரூன் முன்னால் திரும்பி உட்கார்ந்து கியரைப் போட்டாள். அன்று காற்று இல்லை. பனிமலை அடிவாரம் வரை ரோடு தெளிவாகத் தெரிந்தது. பின்னால் ஆட்டுப் பட்டி அன்றைக்கு யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.